உத்தியோகமும் உள்ள நிறைவும்: டாக்டர் உ. வே. சாமிநாதையர்

கல்வி முடிவுறுங் காலத்தில் மாணவர் உள்ளத்தில் எழும் பெருவினா, இனி எத்தொழிலை மேற்கொள்வது என்பதாகும். நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தோர்க்கு இவ்வினா இன்னுங் கூர்மையுடையது. 1956-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைச் சார்ந்தே அந்நகரியம் எழுந்தது. ஆதலின் அங்கே நிலையான உத்தியோகங் கிட்டுதலே வாழ்க்கைப் பயன் என்று கருதுவது இயல்பாம். ஆயினும், உத்தியோகம் பெற்ற பின்னரும் உள்ளம் நிறையாது வருந்துவோர் உளர். அந்நிறைவு எங்கிருந்து வருவது? நெய்வேலிக்கு அணித்தாகிய சிதம்பரத்திலும் சில காலம் பணியாற்றிய மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கை இதற்கு விடை பகரும்.

1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் தோன்றிய இப்பெரியாரின் ஊர் தஞ்சை நாட்டு உத்தமதானபுரம். தந்தையார் வேங்கட சுப்பையர் சங்கீத வித்துவான். மகனும் அத்துறையிலேயே விளங்க வேண்டுமென விரும்பினார். உற்றாருள் சிலர் ஆங்கிலங் கற்பிக்குமாறும், சிலர் வடமொழி கற்பிக்குமாறும் கூறினர். சிறுவர் மனமோ தமிழையே நாடிற்று. 1871-ஆம் ஆண்டில் மாயூரஞ் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்து, 1876-இல் அவர் மறையுங்காறும் உடனிருந்து கற்றார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தில் தங்கிக் கற்றும் கற்பித்தும் வந்தார்.

1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறுங்கால், தம் இடத்திற்கு இவரையே உரியவரெனக் கண்டு பரிந்துரைத்தார். மாதச் சம்பளம் 50 ரூபாய். வறுமையில் உழன்ற குடும்பத்திற்கு அது பெருந்துணை. பாடஞ் சொல்லுதலில் இவருக்கு மகிழ்ச்சி; மாணவரிடத்தும் மதிப்பு. இருபத்தைந்து வயதினர்க்கு இனி வேண்டுவது யாது? இந்நிலையிலேயே அமைந்திருந்தால் நல்லாசிரியர் ஒருவராக வாழ்ந்து மறைந்திருப்பார்.

அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் கற்றீர் என்று முதலியார் வினவ, இவர் தாம் பாடங்கேட்ட அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை முதலியவற்றை அடுக்கிக் கூறினார். முதலியார் அவற்றால் வியப்படையாது, சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைக் கற்றதுண்டோ என்றார். இவர் கற்றதில்லை. மகாவித்துவானிடம் பயின்ற ஒருவர் சினங்கொள்வதற்கு இஃது இடமாகலாம். ஐயரவர்களோ சினவாது, முதலியார் அளித்த சிந்தாமணிப் பிரதியை ஏற்றுக் கற்கத் தொடங்கினார்.

தொடக்கத்தில் இன்பமில்லை, இடர்ப்பாடே மிகுதி. சொல் விளங்கவில்லை, சமயக் கொள்கை புரியவில்லை. சைவ மரபிற் பயின்ற அவர், கும்பகோணத்து ஜைனர் வீடுகளுக்குச் சென்று மாணவரைப் போல் ஐயங்களைக் கேட்டறிந்தார். விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடினார். செல்லரித்தன சில, ஆடிப் பெருக்கில் ஆற்றில் விடப்பட்டன சில. அச்சிடப் பணமில்லாது முன்பணங் கையொப்பஞ் சேர்த்தும் கடன்பட்டும் உழைத்து, 1887-ஆம் ஆண்டில் சிந்தாமணியை வெளியிட்டார். ஏழாண்டு உழைப்பின் பயன் அது. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. குறுந்தொகையை 1937-இல், எண்பது வயதைக் கடந்த பின்னர், பதிப்பித்தார்.

இத்தனைக்கும் அவர் உத்தியோகத்தை வெறுத்து விடுத்தாரில்லை. 1903-ஆம் ஆண்டு வரை கும்பகோணத்திலும், பின்னர் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலும் பாடஞ் சொல்லினார். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் தலைவராக விளங்கினார். சம்பளம் குடும்பத்தைக் காத்தது. வகுப்பு கல்வியைக் கூர்மையாக்கியது. இரவும் விடுமுறையும் ஏடுகளுக்கு உரியவாயின. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் மறைந்தபோது, தமிழர் தம் பழமையை மீளப் பெற்றிருந்தனர்.

மாணவ நண்பர்காள், இவ்வாழ்க்கையினின்றும் அறியத்தக்கது ஒன்றுண்டு. விருப்பம் முன்னே முற்றி நிற்க, அதற்கேற்ற தொழில் பின்னே வருமென நாம் காத்திருக்கின்றோம். ஐயரவர்களுக்கோ தமிழ்ப் பற்று முன்னரே இருந்தும், தமக்குரிய பணி இன்னதென்பது இருபத்தைந்தாம் வயதில், தம்மால் விடை கூற இயலாத ஒரு வினாவின் வழியே வந்தது. உழைக்க உழைக்கத் திறமை வளர்ந்தது, திறமை வளர வளரப் பிறர்க்குத் தம்மால் ஆவது யாதெனத் தெளிந்தது, அத்தெளிவே நிறைவாயிற்று.

நெய்வேலி மண்ணும் இதனையே கூறும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் வெளிவந்தது. அதனைக் கழிவென்று தள்ளாது, இஃது என்னவென்று வினவியதால் அன்றோ அவ்வூர் எழுந்தது? அதன் பின்னரும் மேல்மண்ணை அகற்றி, நிலத்தடி நீரை இடையறாது இறைத்த பிறகே, 1961-ஆம் ஆண்டில் கரி கண்ணுக்குப் புலனாயிற்று. எந்த உத்தியோகத்தில் அமர்ந்தாலும், நம்மை நாணச் செய்யும் வினாவை விலக்காது ஏற்று, அதன்பால் நாள்தோறுஞ் சிறிது உழைப்போமாக. நமக்குரிய பணி அவ்விடத்தே காத்திருத்தல் கூடும்.