ஆப்பிள் தந்த அமெரிக்கர்

காய்ச்சலில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறோம். கையில் என்ன வாங்கிப் போகிறோம்? ஆப்பிள்!

தாமிரபரணி கடலில் கலக்கும் ஊர் புன்னக்காயல். அங்கே ஆப்பிள் விளையாது. குளிர்காலத்தில் பல வாரம் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் அந்த மரம் நன்றாகப் பூக்கும். ஆனாலும், சிம்லா ஆப்பிள் என்றால் அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

சிம்லா மலையில் அந்த ஆப்பிளைப் பரப்பியவர் ஓர் அமெரிக்கர். கடல் கடந்து வந்து நம்மோடு கலந்தவர்களைப் புன்னக்காயல் அறியும். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கலில் இருந்து வந்த அன்றிக் அடிகளார் அங்கே தங்கித் தமிழ் படித்தார். தமிழில் புத்தகமும் அச்சேற்றினார். ஆப்பிள்காரரும் அந்த ரகம்தான்.

பணக்காரப் பிள்ளை

அவர் பெயர் சாமுவேல் ஸ்டோக்ஸ். 1882-ல் பிலடெல்பியா நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். 1904-ல், 21 வயதில், தொழுநோயாளருக்குப் பணிவிடை செய்ய இந்தியா வந்தார். சிம்லா அருகே சபாத்து என்ற ஊரில் வேலை. மறு ஆண்டு காங்ராவில் பூகம்பம். அங்கும் ஓடினார்.

பிறகு கோட்கர் மலையில் குடியேறினார். 1912-ல் ஆக்னஸ் என்ற உள்ளூர்ப் பெண்ணை மணந்தார். நிலம் வாங்கி விவசாயி ஆனார்.

வெட்டினாலும் துளிர்த்தது!

குலு பள்ளத்தாக்கில் வெள்ளைக்காரர்கள் முன்பே ஆப்பிள் போட்டிருந்தார்கள். பெரும்பாலும் புளிப்பு ரகம். நம் நாக்கு இனிப்பைத்தானே கேட்கும்! 1916-ல் ஸ்டோக்ஸ் அமெரிக்காவில் இருந்து ரெட் டெலிசியஸ் கன்றுகளை வரவழைத்தார்.

அந்த மரத்தின் பிறப்பே வேடிக்கை. ஐயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹயாட் என்ற விவசாயியின் தோட்டத்தில், வரிசை தப்பி ஒரு கன்று முளைத்தது. வெட்டினார். துளிர்த்தது. மறுபடியும் வெட்டினார். மறுபடியும் துளிர்த்தது. போகட்டும் என்று விட்டுவிட்டார். பழுத்த பிறகு தின்று பார்த்தார். தேன்! ஸ்டார்க் சகோதரர்கள் என்ற நாற்றுக் கம்பெனி அதை வாங்கி உலகெங்கும் பரப்பியது.

ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய் மரத்துப் பழம் வராது. அதன் குச்சியை வேறு கன்றில் ஒட்டுக் கட்ட வேண்டும். ஸ்டோக்ஸ் ஊராருக்கும் கன்று கொடுத்தார். வளர்க்கும் முறையைச் சொல்லித் தந்தார்.

சுமை இறங்கியது

அந்த மலையில் ஒரு கொடுமை இருந்தது. பேகார் என்று பெயர். வெள்ளை அதிகாரி வந்தால் மூட்டை சுமக்க ஆண்களைப் பிடித்துப் போவார்கள். அறுவடை என்றாலும் விடமாட்டார்கள். ஸ்டோக்ஸ் ஊரைத் திரட்டி எதிர்த்து நின்றார். 1921-ல் கோட்கரில் அது ஒழிந்தது.

என்னைக் கேட்டால், ஆப்பிளைவிட இதுதான் பெரிது. தோட்டம் போட்டவன் தோட்டத்தில் நிற்க வேண்டாமா?

கதர் உடுத்திக் காங்கிரசில் உழைத்த அவரை, அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளை அரசு கைது செய்தது. லாகூரில் சிறைவாசம். 1932-ல் இந்து மதம் தழுவி, சத்தியானந்தர் ஆனார்.

1946 மே 14-ந் தேதி அவர் காலமானார். சுதந்திரம் வர இன்னும் 15 மாதம் இருந்தது. கூலியின்றிச் சுமை தூக்கிய கோட்கரில், இன்று அவரவர் தோட்டத்து ஆப்பிள் பெட்டி பெட்டியாக லாரி ஏறுகிறது.