ஜொகூர் தந்த இபு சைன்

அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்பது தமிழரிடையே வழங்கிய பழைய சொல். பெண் வலிமையற்றவள், வீட்டிற்கு வெளியே அவளால் எதுவும் இயலாது என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு மலாய்ச் சமூகத்திலும் இத்தகைய பேச்சு இருந்தது. பெண் எவ்வளவு படித்தாலும் சேருமிடம் அடுப்படியே என்றனர். எழுதக் கற்றால் பெண்கள் காதல் கடிதம் எழுதுவர் என்று அஞ்சிய பெற்றோரும் இருந்தனர். அந்த எண்ணத்தை மாற்றப் பாடுபட்டவர் இபு சைன்.

சைனோன் பிந்தி சுலைமான் என்னும் இயற்பெயர் கொண்ட இவர், 1903ஆம் ஆண்டு பிறந்தார். ஆசிரியராகப் பணியாற்றிய இவர், ஜொகூரிலுள்ள மலாய்ப் பெண்கள் பள்ளிகளைக் கண்காணிக்கும் பொறுப்பையும் ஏற்றார். பள்ளிகள் இருந்தால் மட்டும் போதாது, பெற்றோரின் மனமும் மாற வேண்டும் என்பதை உணர்ந்தார். எனவே, ஜொகூரின் மலாய் ஆசிரியைகளைச் சங்கமாக ஒன்றிணைத்தார். அச்சங்கம் 1930இல் 'பூலான் மெலாயு' என்ற மகளிர் இதழை வெளியிட்டது. எழுதவே கூடாது எனப்பட்ட பெண்கள், அவ்விதழில் தங்கள் கருத்துகளை எழுதினர்.

இவரது தொண்டு கல்வியோடு நிற்கவில்லை. 1946இல் மலாயன் யூனியன் திட்டத்திற்கு எதிர்ப்பு எழுந்தபோது, பெண்களும் வீதிக்கு வந்து குரல் கொடுத்தனர். ஜொகூரில் அவர்களைத் திரட்டியவர்களுள் இபு சைனும் ஒருவர். 1950 முதல் 1953 வரை அம்னோ மகளிர் பிரிவுக்குத் தலைமையேற்றார். 1959இல் பொந்தியான் வட்டாரத்திலிருந்து நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மலாய்மொழியில் 'இபு' என்றால் தாய். தாய் என்றால் வீட்டோடு இருப்பவள் என்று பலர் கருதிய காலத்தில், பள்ளியிலும் மேடையிலும் நாடாளுமன்றத்திலும் பணியாற்றிய இவரை மக்கள் அப்பெயராலேயே அன்புடன் அழைத்தனர். சொல் மாறவில்லை, அதன் பொருள் விரிந்தது.

இபு சைன் 1989இல் மறைந்தார். எழுத்தறிவு பெண்ணைக் கெடுக்கும் என்ற பேச்சை எதிர்த்த அவரின் மகள் அடிபா அமின், நாடறிந்த எழுத்தாளராகத் திகழ்ந்தார். பழைய சொற்கள் தாமாக மறைவதில்லை. அவை பொய் என்பதைச் சிலர் தம் வாழ்வால் மெய்ப்பிக்கும்போதே வலுவிழக்கின்றன.