சக்கர நாற்காலியில் ஒரு மறுவாழ்வு: டாக்டர் மேரி வர்கீஸ்

நம் உறவினர் ஒருவர் மருத்துவமனையில் படுத்திருந்தால் நாம் முதலில் கேட்பது, எப்போது குணமாவார் என்பதுதான். முதுகில் அடிபட்டுத் தண்டுவடம் சிதைந்து போனவரைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டால், மருத்துவர்களால் உடனே பதில் சொல்ல முடிவதில்லை. எலும்பு முறிந்தால் கூடிவிடும். தோல் கிழிந்தால் ஆறிவிடும். முற்றிலும் அறுபட்ட தண்டுவடத்தைப் பழையபடி ஆக்க இன்றுவரை மருந்து இல்லை. அப்படியானால் அந்த நோயாளிக்கு மருத்துவமனையில் இனி என்ன வேலை? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ்.

கேரளத்தில் கொச்சிக்கு அருகே உள்ள செராய் என்ற ஊரில் 1925ஆம் ஆண்டு அவர் பிறந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டு வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணி, பின்னர் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. மேரி 1946இல் அக்கல்லூரியில் சேர்ந்து மருத்துவம் பயின்றார். பெண்களுக்கான மகப்பேறு மருத்துவராகப் பணியாற்ற வேண்டும் என்பது அவரது ஆசை. 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு ஒரு நாள் சுற்றுலாவாகச் சென்றபோது அவர்கள் பயணம் செய்த வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் ஆழமான காயம். அதைவிடக் கொடியது, இடுப்புக்குக் கீழே அவருக்கு அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அப்போது அவருக்கு வயது 28.

அதுவரை கட்டிலருகே நின்று பழகியவர், அதே மருத்துவமனையில் கட்டிலில் கிடந்தார். தண்டுவடம் சிதைந்தவரின் துன்பம் நடக்க முடியாததோடு முடிவதில்லை. சிறுநீரும் மலமும் அவர் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் இடுப்பெலும்பும் வால் எலும்பும் அழுத்தும் இடங்களில் இரத்த ஓட்டம் நின்று தோல் அழுகத் தொடங்கும். வலி தெரியாததால் புண் வந்ததையே நோயாளி அறியமாட்டார். அதனால்தான் இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டியிருக்கிறது. சிறு பிள்ளைக்குச் செய்வதையெல்லாம் படித்த, வளர்ந்த ஒருவருக்குப் பிறர் செய்ய வேண்டிய நிலை. உடல் வலியைவிட இதுவே பலரை உடைத்துவிடுகிறது.

அக்காலத்தில் இத்தகைய நோயாளிகளுக்கு நம்பிக்கை மிகக் குறைவு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு, தண்டுவடக் காயம் பட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீரக நோய்த்தொற்றாலும் விரைவிலேயே இறந்துபோனார்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் தனிப் பிரிவு தொடங்கிய பிறகுதான், இவர்களும் நெடுநாள் வாழலாம், உழைக்கலாம் என்பதை உலகம் கண்டது. மேரி விபத்துக்குள்ளானபோது அந்தக் கண்டுபிடிப்புக்கு வயது பத்துதான். இந்தியாவிலோ இத்தகையவர்களுக்கென ஒழுங்கான மறுவாழ்வுப் பிரிவு எந்த மருத்துவக் கல்லூரியிலும் இருக்கவில்லை.

மகப்பேறு மருத்துவம் இனி இயலாது என்றானபோது வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, விரல்களுக்கு மீண்டும் வேலை கொடுத்தவர் அவர். செயலிழந்த தசை செய்ய வேண்டிய வேலையை, நல்ல நிலையில் உள்ள வேறொரு தசையின் நாணை எடுத்துப் பொருத்திச் செய்ய வைப்பதே அந்தச் சிகிச்சை. கைக்கான அறுவை சிகிச்சையை மருத்துவர் உட்கார்ந்தே செய்யலாம். மேரி அதைக் கற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார்.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தொழுநோயாளிக்கு விரலில் உணர்வு இல்லை. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் சுடுவது தெரியாது. மேரிக்குக் கால்களில் உணர்வு இல்லை. அங்கே காயம் பட்டாலும் அவருக்குத் தெரியாது. வலிக்காத உடம்பை ஒவ்வொரு நாளும் கண்ணால் பார்த்துக் காக்க வேண்டும் என்ற பாடம் இருவருக்கும் பொது. தங்களைவிடக் கடுமையாக ஊனமுற்ற ஒருவரே தங்களுக்கு மருத்துவராக வந்ததைக் கண்டபோது அந்த நோயாளிகளுக்குப் பிறந்த துணிவை, எந்த அறிவுரையும் தந்திருக்க முடியாது.

ஆனாலும் மேரியின் மறுவாழ்வு அதோடு முடிந்துவிடவில்லை. அன்றாடத் தேவைகளுக்கு அவர் இன்னும் பிறரைச் சார்ந்தே இருக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் டாக்டர் ஜார்ஜ் பெட்புரூக் நடத்திய தண்டுவடக் காயப் பிரிவுக்கு அவர் சென்றார். மருத்துவராக அல்ல, நோயாளியாக. அத்தகைய பிரிவில் நடக்கும் பயிற்சிகள் பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானவை. தோளையும் கையையும் வலுவாக்குதல். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல். உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி இடுப்பைத் தூக்கித் தோலுக்கு இளைப்பாறுதல் கொடுத்தல். தானே உடுத்துதல், தானே குளித்தல், சிறுநீர் கழிக்க நேரம் வகுத்தல். ஆரோக்கியமானவர் யோசிக்காமல் செய்யும் ஒரு காரியத்தை நூறு முறை தவறவிட்டு, நூற்றோராம் முறை செய்து முடிப்பதே அங்கே வெற்றி. அருகில் இருப்பவர்கள் உடனே ஓடிவந்து தூக்கிவிடாமல் காத்திருப்பதும் அங்கே ஒரு சிகிச்சைதான்.

பின்னர் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் அத்துறையைப் பயின்றார். வேலூர் திரும்பி, 1963இல் கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் வேலூர் பாகாயத்தில் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி ஒன்றோடு இணைந்த இத்தகைய நிலையம் இந்தியாவில் அதுவே முதல். அங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கிப் பயிற்சி பெறுகிறார். ஏனெனில் மருத்துவமனையை விட்டுப் போன பிறகு புண் வராமல் காப்பதும், மனம் தளராமல் காப்பதும் அந்த வீட்டில்தான் நடக்க வேண்டும். முன்பு சிகிச்சை பெற்றவர்களை மீண்டும் வரவழைத்து, உடல்நலம் பார்த்து, விளையாட்டும் கலைநிகழ்ச்சியும் நடத்தும் மறுவாழ்வுத் திருவிழாவையும் அத்துறை நடத்தி வந்திருக்கிறது.

மேரி வர்கீசுக்கு 1972இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986 டிசம்பரில் அவர் இறந்தார். விபத்துக்குப் பிறகு அவர் வாழ்ந்தது ஏறக்குறைய 33 ஆண்டுகள். அதற்கு முன் வாழ்ந்ததைவிட அது அதிகம். அவரது கால்களுக்கு உயிர் திரும்பவில்லை. ஆனால் அவருக்கு வாழ்வு திரும்பியது. அவர் வழியாக எத்தனையோ பேருக்கும் திரும்பியது.

நோயாளிகளுக்காக நாம் செபிக்கும்போது எழுந்து நடக்க வேண்டும் என்றே கேட்கிறோம். அது தவறல்ல. ஆனால் நாம் கேட்டது கிடைக்காத பிறகு, அந்த மனிதரை நாம் என்ன செய்கிறோம்? மரத்திலிருந்து விழுந்தவரும், கட்டட வேலையில் தவறி விழுந்தவரும், இருசக்கர வாகன விபத்தில் அடிபட்டவரும் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். முதல் மாதத்தில் எல்லாரும் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகிறோம். மூன்றாம் ஆண்டில் அந்த வீட்டுக் கதவைத் தட்டுபவர் யார்? அவர் ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லை என்று நாம் கவனிப்பதுகூட இல்லை. வாசலில் ஆறு படிகளைக் கட்டிவிட்டு, அவர் ஏன் வரவில்லை என்று எப்படிக் கேட்பது?

பரிதாபம் மேரியை எழுப்பவில்லை. உட்கார்ந்தே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு என்று ஒருவர் காட்டிய வழியும், அதை ஏற்ற அவரது உழைப்புமே அவரை எழுப்பின. நம் அன்பியக் கூட்டத்தை ஒரு மாதம் அத்தகையவரின் வீட்டில் நடத்தலாம். ஆலய வாசலில் ஒரு சாய்தளம் அமைக்கலாம். அவர் செய்யக்கூடிய பொறுப்பு ஒன்றை, அது கணக்கு எழுதுவதானாலும் மறைக்கல்வி கற்பிப்பதானாலும், அவரிடமே நம்பி ஒப்படைக்கலாம். எப்போது குணமாவார் என்று கேட்பதை விட்டு, இன்று அவரோடு சேர்ந்து என்ன செய்யலாம் என்று கேட்கத் தொடங்குவோம்.