ஹோவன்னஸ் துமான்யான்

ஹோவன்னஸ் துமான்யான் (பெப்ரவரி 19, 1869 – மார்ச் 23, 1923) ஆர்மீனிய மொழிக் கவிஞரும் கதாசிரியரும் ஆவார். ஆர்மீனியாவின் தேசியக் கவிஞராகப் போற்றப்படுபவர். வாழ்நாளின் பெரும்பகுதியை ஜார்ஜியாவின் திபிலீசி நகரில் கழித்தபோதிலும், இவருடைய முக்கிய படைப்புகள் பலவற்றின் களம் இவர் பிறந்த த்செக் என்ற சிற்றூரும் அதனைச் சூழ்ந்த லோரி மலைநாடுமே ஆகும்.

பிறப்பும் இளமையும்

த்செக், வட ஆர்மீனியாவில் தெபெத் ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்கிற்கு மேலே உள்ள மேட்டுச் சமவெளியில் அமைந்துள்ளது. அக்காலத்தில் இப்பகுதி ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. தந்தை ததெவோஸ் ஊர்த் தேவாலயத்தின் குரு. (ஆர்மீனியத் திருச்சபையில் ஊர்க் குருக்கள் மணம் புரிவதுண்டு.) தாய் சோனா கதை சொல்வதில் வல்லவர். ஊர்ப் பள்ளியிலும், இன்று ஸ்தெபானவான் எனப்படும் ஜலாலோக்லியிலும் பயின்ற துமான்யான், 1883 இல் திபிலீசியின் நெர்சிசியான் பள்ளியில் சேர்ந்தார். வறுமையால் 1887 இல் படிப்பை இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. 1888 இல் ஓல்காவை மணந்தார். இவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள்.

படைப்புகள்

முதல் கவிதைத் தொகுதி 1890 இல் மாஸ்கோவில் வெளியானது. இவருடைய படைப்புகளுள் அனுஷ் என்னும் நெடுங்கவிதை தனித்துக் குறிப்பிடத்தக்கது. திருமண விழாவில் நடக்கும் மற்போரில், நண்பன் நண்பனை ஊரார் முன்னிலையில் வீழ்த்தக்கூடாது என்பது மலைநாட்டு மரபு. காதலி அனுஷ் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற வேகத்தில் இடையன் சாரோ தன் நண்பனை வீழ்த்திவிடுகிறான். வீழ்ந்தவன் அனுஷின் அண்ணன் மோசி. அந்த அவமானம் சாரோவின் கொலையிலும் அனுஷின் சித்தப் பிரமையிலும் மரணத்திலும் முடிகிறது. ஊர் வழக்கங்களை அன்புடன் தீட்டும் அதே கவிதை அவற்றின் கொடுமையையும் மறைக்கவில்லை. ஆர்மென் திக்ரானியான் இதனை இசை நாடகமாக்கி, 1912 இல் இன்றைய கியும்ரியில் அரங்கேற்றினார்.

கிகோர் என்ற சிறுகதை, நகரத்து வணிகர் வீட்டில் வேலைக்கு விடப்பட்டு நோயுற்று மடியும் கிராமத்துச் சிறுவனைப் பற்றியது. சிறுவர்களுக்கான கதைகளும் நாலடிக் கவிதைகளும் எழுதிய துமான்யான், புஷ்கின், பைரன் முதலியோரையும் மொழிபெயர்த்துள்ளார். 1899 முதல் திபிலீசியில் இவர் வீட்டில் கூடிய எழுத்தாளர் குழு வெர்னதுன் (மாடிவீடு) எனப்பட்டது. அவெதிக் இசகாக்கியான் அதில் ஒருவர்.

சமாதானப் பணி

1905 இல் காக்கேசியாவில் ஆர்மீனியருக்கும், அன்று தாத்தார் எனப்பட்ட அசர்பைஜானியருக்கும் இடையே மோதல் வெடித்தது. துமான்யான் லோரிக்குச் சென்று இரு தரப்பு ஊர்களுக்கும் இடையே சமாதானம் பேசினார். ஆயினும் பின்னர் ஜார் அரசு 1908 இலும் 1911 இலும் இவரைக் கைது செய்தது. 1909 இல் எழுதிய ஒரு துளித் தேன் என்ற கதைப்பாடல் இக்காலத்தது. கடையில் சிந்திய தேன்துளி ஒன்று ஈ, பூனை, நாய் வழியாக இரு ஊர்ச் சண்டையாகவும், முடிவில் இரு நாடுகளின் போராகவும் வளர்கிறது. இதனைச் சிறுவர் கதை என்று மட்டும் கொள்வது பொருந்தாது.

1915 இன் இனப்படுகொலையில் தப்பி எச்மியாட்சினில் வந்து குவிந்த அகதிகளிடையேயும் அனாதைக் குழந்தைகளிடையேயும் தொண்டாற்றினார். 1918 இல் இவருடைய மகன் அர்தவாஸ்த் கொல்லப்பட்டார். அதே ஆண்டின் இறுதியில் ஆர்மீனியாவும் ஜார்ஜியாவும் லோரிக்காகவே போரிட்டன.

மறைவு

1921 இல் அகதிகளுக்கு உதவி தேடி கான்ஸ்டாண்டிநோபிளுக்குச் சென்று, நோயுற்றுத் திரும்பினார். சிகிச்சைக்காக மாஸ்கோ சென்றவர் 1923 இல் அங்கேயே காலமானார். உடல் திபிலீசியின் கோஜிவாங்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

த்செக் 1938 முதல் 1969 வரை துமான்யான் என்றே அழைக்கப்பட்டது. பின்னர் பழைய பெயரைப் பெற்றது. அங்குள்ள இவருடைய வீடு அருங்காட்சியகமாக உள்ளது. உடலிலிருந்து தனியே எடுத்துப் பாதுகாக்கப்பட்ட இவருடைய இதயம் 1994 இல் அவ்வீட்டின் முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டது.