வெயிலின் அருமையை உணர்த்திய அம்மையார்

இலண்டன் மாநகரில் 1875ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் பிறந்தவர் ஹாரியெட் சிக் அம்மையார். பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்த அக்காலத்தில் அறிவியல் பயின்று, 1904இல் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு லிஸ்டர் ஆராய்ச்சிக் கழகத்தில் சேர விரும்பியபோது, பெண்ணுக்கு இடமளிக்கலாகாது என்று அங்கிருந்தோர் சிலர் தடுத்தனர். ஆயினும் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது.

முதல் உலகப் போர் 1918இல் முடிந்தது. ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் பாலுக்கும் வெண்ணெய்க்கும் பெரும் பஞ்சம். குழந்தைகளின் எலும்புகள் வலுவிழந்தன; கால்கள் வில்லென வளைந்தன. ரிக்கட்ஸ் என்னும் அந்நோயின் காரணத்தை ஆராய, அம்மையார் 1919இல் அந்நகருக்குச் சென்றார். குழந்தைகள் மருத்துவமனையின் தலைவர் பிர்கே, இஃது ஒரு தொற்றுநோய் என்றே கருதியிருந்தார். எனினும் ஆராய்ச்சிக்கு இடந்தந்தார்.

அம்மையாரும் உடன்சென்ற பெண் மருத்துவர்களும் 1922 வரை அங்கே அயராது உழைத்தனர். குளிர்காலத்தில் மீன் எண்ணெய் உண்ட குழந்தைகளை நோய் அணுகவில்லை. உண்ணாதவருள் பலர் நோயுற்றனர். கோடையில் திறந்த வெளியில் வெயில் படுமாறு கிடத்தப்பட்ட குழந்தைகளோ, எண்ணெய் இன்றியே நலம் பெற்றனர். மீன் எண்ணெயிலுள்ள அச்சத்து 1922இல் வைட்டமின் டி எனப் பெயர் பெற்றது. வெயில் பட்டால் நம் தோலும் அதனை உண்டாக்குகிறது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்று எலும்பை உறுதியாக்க அது துணைபுரிகிறது.

பிரிட்டிஷ் அரசு 1949இல் அம்மையாருக்கு டேம் என்னும் சிறப்புப் பட்டம் அளித்தது. அவர் 102 ஆண்டுகள் வாழ்ந்து, 1977இல் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே! ஆண்டு முழுதும் வெயில் காயும் சிங்கப்பூரில் நமக்கு இக்குறை ஏது என்று எண்ணாதீர்கள். அடுக்குமாடி வீட்டினுள்ளேயே பொழுதைக் கழிப்போருக்கு இங்கும் இக்குறை நேரலாம். மூடிய கண்ணாடிச் சன்னலின் வழியே வரும் வெயில் இதற்குப் பயன்படாது. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கருநிறத் தோலுக்குச் சற்றுக் கூடுதலான நேரமும் வேண்டும். ஆகவே, கையும் காலும் வெயில் பட நாள்தோறும் சிறிது நேரம் வெளியே விளையாடுங்கள். முட்டை, மீன், இச்சத்துச் சேர்த்த பால் ஆகியவற்றையும் உண்ணுங்கள்.

பெற்றோர்களே, அளவு மிஞ்சிய வெயில் தோலைச் சுடும், கண்ணையும் கெடுக்கும். நண்பகலில் நெடுநேரம் வெயிலில் நிற்பதால் கூடுதல் நன்மை இல்லை. கைக்குழந்தைகளைக் கடுவெயிலில் கிடத்தலாகாது. தோட்டத்தில் நாள் முழுதும் உழைப்போருக்கு வேண்டிய வெயில் வேலையிலேயே கிட்டிவிடும். அவர்களுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் நிழலில் ஓய்வுமே தேவை. பிள்ளைகளின் கால் வளைந்திருப்பின், வெயிலை மட்டும் நம்பியிராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.