சிரிப்பைத் தொழிலாகக் கற்றவர்: 'சிரித்திரன்' சிவஞானசுந்தரம்

தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த சமூகமே மன முதிர்ச்சி அடைந்த சமூகம் எனலாம். ஈழத்துத் தமிழ் வாசகருக்கு அந்தப் பாடத்தைப் பல்லாண்டுகள் பொறுமையுடன் கற்பித்தவர் 'சிரித்திரன்' ஆசிரியர் சி. சிவஞானசுந்தரம். 'சுந்தர்' என்ற பெயரில் கேலிச்சித்திரங்கள் வரைந்த அவர், 1924 மார்ச் 3 ஆம் திகதி வடமராட்சியின் கரவெட்டியில் பிறந்து, 1996 ஆம் ஆண்டின் அதே மார்ச் 3 இல் மறைந்தார். அங்கதம் எழுதவும் வரையவும் வெளியிடவும் விரும்பும் இளைஞர்கள் இன்று வன்னியிலும் பெருகி வருகின்றனர். அவர்களுக்காகவே இந்த வாழ்க்கையை இங்கு நினைவுகூர்கின்றோம்.

நகைச்சுவை பிறவிக் கொடை, அதைக் கற்க முடியாது என்று நம்மிடையே ஒரு எண்ணம் உண்டு. சுந்தரின் வாழ்க்கை அதற்கு மாறான சான்றாகும். உயர் கல்விக்காகப் பம்பாய் சென்ற அவரை ஈர்த்தது கேலிச்சித்திரக் கலை. ஆர்.கே. லக்ஷ்மண் போன்றோர் நாளிதழ்களில் வரைந்து புகழ்பெற்ற நகரம் அது. ஒரு சிறு கோட்டுச் சித்திரம் நீண்ட கட்டுரை சொல்வதைச் சொல்லிவிடும் என்பதை அத்தகைய சூழலில் கண்டவர், நாடு திரும்பியபின் பம்பாயின் பாணியைப் பிரதி செய்யவில்லை. கற்றது அங்கே, ஆனால் வரைந்தது தம் ஊர் மனிதரை.

'தினகரன்' பத்திரிகையில் வெளிவந்த 'சவாரித் தம்பர்' அவ்வாறு பிறந்த பாத்திரம். பெயரே மாட்டுவண்டிற் சவாரியை நினைவூட்டுவது. யாழ்ப்பாணத்தில் மட்டுமன்றிக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இன்றும் சவாரித் திடல்களில் சனம் திரள்வதை நாம் காண்கின்றோம். அத்தகைய மண்ணின் மனிதர்களை, அவர்களது பேச்சு வழக்கிலேயே பேசவைத்தார் சுந்தர். தென்னிந்தியப் பத்திரிகைகளின் நகைச்சுவைத் துணுக்குகளைத் தழுவி எழுதுவது எளிதாக இருந்த காலத்தில் இது துணிவான தெரிவாகும்.

1960களின் முற்பகுதியில் கொழும்பில் அவர் 'சிரித்திரன்' சஞ்சிகையைத் தொடங்கினார். எழுதக் கற்பதைவிட வெளியிடக் கற்பது கடினம். ஈய எழுத்தைக் கையால் கோத்து, ஒவ்வொரு சித்திரத்துக்கும் தனியாக அச்சுக்கட்டை செய்வித்து, கடைகளுக்கு அனுப்பி, விற்ற பணத்துக்காகக் காத்திருக்க வேண்டிய காலம் அது. 1970களில் தென்னிந்திய ஜனரஞ்சக சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர் ஏடுகளுக்குச் சற்று மூச்சு விட இடம் கிடைத்தது. பின்னர் சஞ்சிகை யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. நட்டத்துக்கும் தாள் தட்டுப்பாட்டுக்கும் இடையில் ஒரு நகைச்சுவை ஏடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உயிர் வாழ்ந்தது சாதாரண செயலன்று.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கு எனத் தொல்காப்பியம் வகுத்தது. சுந்தரின் பாத்திரங்களில் இந்நான்கையும் காணலாம். தாமோதரன் என்ற பெயரை ஆங்கிலச் சாயலில் திரித்துக்கொண்ட 'மிஸ்டர் அன்ட் மிஸிஸ் டாமோடிரன்' போலி நாகரிகத்தின் மீதான எள்ளல். 'மைனர் மச்சான்' இளமையின் வீண் மிடுக்கு. மயில்வாகனம் என்ற பெயரையும் மெயில் ரயிலையும் ஒன்றாக்கிய 'மெயில் வாகனத்தார்' பெயரளவிலேயே புன்னகை வரவழைப்பவர். வவுனியாவையும் கிளிநொச்சியையும் கடந்து வடக்கே ஓடிய அந்த ரயிலை அறிந்த தலைமுறைக்கு அப்பெயரின் சுவை நன்கு விளங்கும்.

'மகுடி' என்ற பெயரில் அவர் எழுதிய கேள்வி பதில் பகுதி தனிச் சிறப்புடையது. கேள்வி எவ்வளவு நீண்டிருப்பினும் பதில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். சொற்சிக்கனமே அங்கதத்தின் முதல் இலக்கணம் என்பதை அப்பகுதி வாசகருக்குப் பழக்கியது. பிற எழுத்தாளருக்கும் அவரது ஏடு களமாயிற்று. அதில் எழுதிய செங்கை ஆழியான், வன்னி விவசாயிகள் சுரண்டப்படும் கதையைக் 'காட்டாறு' நாவலாகத் தந்தவர் என்பது நம் வாசகர் அறிந்ததே. நகைச்சுவை எழுதிய கை கண்ணீரையும் எழுதும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆயினும் 1980களில் நாடு மாறியது. போரின் நடுவே சிரிப்புக்கு இடம் சுருங்கியது. சஞ்சிகை தடைப்பட்டுத் தடைப்பட்டு வெளிவந்து, இறுதியில் நின்றுபோனது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாண மக்கள் இடம்பெயர்ந்து, பெருந்தொகையினர் வன்னியை அடைந்தனர். அடுத்த மார்ச்சில் சுந்தர் காலமானார்.

இன்று எவரும் ஒரு கைபேசியில் கேலிப் படம் தயாரித்து நொடியில் பரப்பலாம். அச்சுக்கட்டையும் தேவையில்லை, ஆசிரியரும் தேவையில்லை. ஆனால் அவ்வாறு பரவுவனவற்றில் எத்தனை அயல் சமூகத்தவரின் உடையையும் உணவையும் வழிபாட்டையும் பழிப்பவை! தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே மீளக் குடியேறி வாழும் வன்னியில் இது சிறு விடயமன்று. விளையாட்டாகச் செய்யும் இகழ்ச்சியும் துன்பமே தரும் என்பது வள்ளுவர் கருத்து. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாது எனத் திருக்குர்ஆனின் அல் ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கின்றது. இரு மரபுகளும் ஒரே எல்லைக்கோட்டைத்தான் காட்டுகின்றன.

சுந்தர் அந்தக் கோட்டை அறிந்திருந்தார். அவர் கேலி செய்தவை தம் சொந்தச் சமூகத்தின் ஆடம்பரம், சீதனப் பேராசை, சாதிச் செருக்கு, போலிப் பெருமை ஆகியவற்றையே. தன் வீட்டுக் குறையைச் சொல்பவனுக்கே ஊர்க் குறையைச் சொல்லும் உரிமை வரும். அவரது பாத்திரங்களைக் கண்டு சிரித்தவர்கள் புண்பட்டுப் பிரியவில்லை. தங்களை அடையாளம் கண்டுகொண்டனர்.

'சிரித்திரன்' பழைய இதழ்கள் பல 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் இன்று எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. வன்னிப் பாடசாலைகளின் கையெழுத்துச் சஞ்சிகைகளிலும் சுவர்ப் பத்திரிகைகளிலும் நகைச்சுவைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அந்த இதழ்களை மாணவருக்கு வாசிக்கக் கொடுப்பது ஆசிரியர்களால் ஆகக்கூடிய காரியமே. முதல் கேலியைத் தன்மீதே எழுதிப் பார்க்கும்படி மாணவனிடம் கேட்கவேண்டும். அதில் தேறியவனிடம் பேனாவை நம்பிக் கொடுக்கலாம்.