மனந்திரும்பியவர் தமது பாவத்தைக் காண எடுத்த நாற்பது ஆண்டுகள்

இறைவனிடம் திரும்பிய ஒருவருக்குள் இருந்த பழைய மனிதன் மறுநாட் காலையிலேயே இறந்துவிடுவதில்லை. புதிதாக விசுவாசத்திற்குள் வந்தவர்கள் பலர் இதனைக் கண்டு கலங்குவதுண்டு. விட்டொழித்ததாக எண்ணிய தீய பழக்கங்கள் மீண்டும் தலைதூக்கும்போது, தமது மனமாற்றமே பொய்யானதோ என்ற ஐயம் அவர்களை வாட்டுகிறது. எனினும் கண்ணுக்குத் தெரிகின்ற பாவத்துடன் போராடுவது ஒன்று; பாவம் என்றே தோன்றாத பாவத்தை இனங்காண்பது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையிலான தூரத்தை எமக்கு உணர்த்துவது, மாலுமியாக இருந்து மதகுருவாக மாறிய ஆங்கிலேயர் ஜோன் நியூட்டனின் வாழ்க்கையாகும். உலகெங்கும் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' என்னும் பாடலை இயற்றியவர் இவரே.

நியூட்டன் 1725 ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். பக்தி மிகுந்த தாயார் அவருக்கு ஏழு வயது நிறைவதற்கு முன்னரே காசநோயினால் காலமானார். கப்பல் தலைவராக இருந்த தந்தையுடன் பதினொரு வயதிலேயே கடலுக்குச் சென்றார். 1744 இல் பிரித்தானியக் கடற்படையில் பலவந்தமாகச் சேர்க்கப்பட்ட அவர், தப்பியோட முயன்று பிடிபட்டுக் கசையடி வாங்கினார். பின்னர் ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்குச் சென்று, சியராலியோனை அண்டிய தீவொன்றில் அடிமை வணிகர் ஒருவரிடம் பணியாற்றினார். அங்கு நோயும் பட்டினியும் அவமதிப்புமாக, தாமே ஓர் அடிமையைப் போல நடத்தப்பட்டார். இறைவனை இகழ்வதிலும் கெட்ட வார்த்தைகள் பேசுவதிலும் முரட்டு மாலுமிகளையே முகஞ்சுளிக்க வைத்தவர் அவர்.

தந்தையின் வேண்டுகோளின் பேரில் வந்த கப்பலொன்று அவரை மீட்டது. அக்கப்பல் தாயகம் திரும்பும் வழியில், 1748 மார்ச் மாதத்தில், அத்திலாந்திக் சமுத்திரத்தில் கடும் புயலில் சிக்கியது. பக்கப் பலகைகள் பிளந்து நீர் புகுந்தது. தேன்மெழுகு, மரம் போன்ற பாரம் குறைந்த சரக்குகளை ஏற்றியிருந்தமையாலேயே கப்பல் மூழ்காது மிதந்தது. நீரை இறைத்தபடியே நியூட்டன், பல்லாண்டுகளின் பின்னர் முதன்முறையாக, இறைவனின் இரக்கத்தை நாடினார். நான்கு வாரங்களின் பின் கப்பல் அயர்லாந்தின் கரையை அடைந்தது. அன்று அவருக்கு வயது 22. அந்தப் புயல் நாளைத் தமது முதுமைக் காலம் வரை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து வந்தார்.

அதன் பின்னர் கெட்ட வார்த்தைகள் அவரது நாவை விட்டு அகன்றன. ஆனால், ஏனைய பாவங்கள் அவ்வாறு இலகுவில் விலகவில்லை. அதே ஆண்டில் அடிமைக் கப்பலொன்றின் துணைத் தலைவராக அவர் மீண்டும் ஆபிரிக்கா சென்றார். அங்கு பிரார்த்தனை தளர்ந்தது, வேதவாசிப்பு நின்றது, நாவின் தூய்மையைத் தவிர மற்றெல்லாவற்றிலும் பழைய நிலைக்கே வீழ்ந்தார். முன்னர் அடிமை போல் அல்லற்பட்ட அதே இடத்தில் கடுங்காய்ச்சலில் விழுந்தபோதுதான் அவருக்குச் சுயவுணர்வு வந்தது. தமது சொந்த உறுதியை நம்பிச் சபதங்கள் செய்வதைக் கைவிட்டு, தம்மை முழுமையாக இறைவனிடம் ஒப்படைத்ததாக அவர் பின்னாளில் எழுதினார். புயலின்போது தாம் உண்மையான விசுவாசியாக மாறிவிட்டதாகக் கொள்ள முடியாது என்றும் அவர் ஒப்புக்கொண்டார்.

இத்துடன் கதை முடிந்திருக்குமாயின், அது வழமையான ஒரு மனமாற்றக் கதையாகவே இருந்திருக்கும். ஆனால், 1750 இல் திருமணம் செய்த கையோடு, நியூட்டன் அடிமைக் கப்பலொன்றின் தலைவரானார். 1750 இற்கும் 1754 இற்கும் இடையில் மூன்று பயணங்களுக்குத் தலைமை தாங்கி, ஆபிரிக்க மனிதர்களை விலைக்கு வாங்கி, மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு சென்று விற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அதே தளத்தின் கீழே, ஐந்தடி உயரமும் இல்லாத அறைகளில், ஆண்கள் இருவர் இருவராகச் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடந்தனர். கிளர்ச்சிக்குத் திட்டமிடப்பட்டதாகச் சந்தேகம் எழுந்தபோது, சிறுவர்களின் விரல்களையும் இரும்புத் திருகில் இட்டு உண்மையை வரவழைத்ததை அவரது கப்பல் நாட்குறிப்பு பதிவு செய்துள்ளது.

இவற்றைச் செய்த மனிதர் போலி பக்தர் அல்லர் என்பதே எம்மை அச்சுறுத்துகின்றது. அவர் மனதாரப் பிரார்த்தித்தார்; தமது எண்ணங்களில் தோன்றும் சிறு கறைகளையும் தேடிக் கண்டு வருந்தினார். சங்கிலியும் பூட்டுமான தொழில் தமக்குப் பிடிக்கவில்லை என்றும், வேறு தொழில் கிடைக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார். ஆனால், அத்தொழில் பாவமானது என்ற எண்ணம் அவருக்கு எழவில்லை. சட்டம் அதனை அனுமதித்தது. லிவர்பூல் நகரம் அதனால் செழித்தது. தேவாலயங்களில் முன்வரிசையில் அமர்ந்தோர் பலர் அதில் முதலிட்டிருந்தனர். சமூகம் முழுவதும் கௌரவமானதெனக் கருதியதை அவரது மனச்சாட்சியும் கௌரவமானதெனவே கருதியது.

1754 இல் அடுத்த பயணத்திற்கு இரு தினங்களே எஞ்சியிருந்தபோது திடீரென நோயுற்றமையாலேயே அவர் கடற்றொழிலை விட்டார். மனச்சாட்சி உறுத்தி விட்டவர் அல்லர். லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றியவாறு கிரேக்கமும் எபிரேயமும் கற்று, 1764 இல் மதகுருவாகி, ஒல்னி என்ற சிற்றூரில் பணியேற்றார். அவ்வாண்டில் வெளியான அவரது வாழ்க்கை வரலாறு பெரும் புகழ் பெற்றது. அதில் தமது பாவங்கள் பலவற்றை அவர் வெளிப்படையாகக் கூறினாலும், அடிமை வர்த்தகம் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. 1773 புத்தாண்டுப் பிரசங்கத்திற்கென எழுதப்பட்ட அந்தப் புகழ்பெற்ற பாடல், கவிஞர் வில்லியம் கூப்பருடன் சேர்ந்து 1779 இல் அவர் வெளியிட்ட பாடற் தொகுப்பில் இடம்பெற்றது. பார்வை பெற்ற குருடராகத் தம்மை வர்ணித்த அந்நாளிலும் அவரது பார்வை முழுமை பெற்றிருக்கவில்லை.

1774 இல் ஜோன் வெஸ்லி அடிமைமுறையைக் கண்டித்து நூல் எழுதினார். 1783 இல் குவேக்கர்கள் பாராளுமன்றத்திடம் மனுச் சமர்ப்பித்தனர். அப்போதும் நியூட்டன் பகிரங்கமாக எதுவும் கூறவில்லை. 1785 டிசெம்பரில், மனமாற்றத்தின் குழப்பத்தில் இருந்த 26 வயதான பாராளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்போர்ஸ் இரகசியமாக அவரைச் சந்தித்து ஆலோசனை கேட்டார். அரசியலைத் துறக்க வேண்டாம், அங்கிருந்தே இறைவனுக்குப் பணிசெய்ய முடியும் என்று நியூட்டன் அறிவுரை கூறினார். அந்த இளைஞரே அடிமை வர்த்தக ஒழிப்புக்கான பாராளுமன்றப் போராட்டத்தின் தலைவரானார்.

1788 இல், கடலை விட்டு 34 ஆண்டுகளும் புயலிலிருந்து 40 ஆண்டுகளும் கழிந்த பின்னர், நியூட்டன் ஆபிரிக்க அடிமை வர்த்தகம் பற்றிய சிறுநூலை வெளியிட்டார். அதில் அவர் மற்றவர்களைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன் தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். தமது வாக்குமூலம் மிகவும் பிந்தி வருகின்றது என்பதையும், தாம் செய்த தீங்கை அது ஈடுசெய்யாது என்பதையும் ஏற்றுக்கொண்டார். அந்நூல் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பி வைக்கப்பட்டது. அரச ஆலோசனைச் சபையின் முன்பும், 1790 இல் பாராளுமன்றக் குழுவின் முன்பும் அவர் நேரில் சாட்சியமளித்தார். கப்பலின் கீழ்த்தளத்தைத் தம் கண்ணால் கண்டவரின் வார்த்தைகளை வணிகர்களால் எளிதில் மறுக்க முடியவில்லை. பிரித்தானிய அடிமை வர்த்தகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச் 25 ஆம் திகதி நிறைவேறியது. பார்வை மங்கிய நிலையில் அச்செய்தியைக் கேட்க உயிரோடிருந்த நியூட்டன், அவ்வாண்டு டிசெம்பர் 21 ஆம் திகதி மறைந்தார்.

இவ்வாழ்க்கையை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் கூறிவிட எமக்கு மனம் இடந்தரவில்லை. அவரது கப்பல்களில் மாண்டவர்களுக்கும் தோட்டங்களில் விற்கப்பட்டவர்களுக்கும் அந்தச் சிறுநூலால் விடிவு ஏதும் கிட்டவில்லை. அதேவேளை, 62 வயதில், பெயரும் புகழும் பெற்ற மதகுரு ஒருவர், மறந்துவிட்டிருக்கக்கூடிய தமது பழைய குற்றத்தைத் தாமே முன்வந்து பகிரங்கமாக உரைத்தது சிறிய காரியமும் அன்று.

பாவத்தை விடுவதும், அதற்காக வருந்துவதும், மீண்டும் செய்யாதிருக்க உறுதி பூணுவதும் மாத்திரமன்றி, மனிதருக்கு இழைத்த அநீதியாயின் அவர்களது உரிமையைத் திருப்பிக் கொடுப்பதும் தவ்பாவின் நிபந்தனை என இஸ்லாம் கூறுகின்றது. கிறிஸ்தவம் கூறும் மனந்திரும்புதலும் இதிலிருந்து தூரமானதல்ல. எமது சமூகங்களில் சீதனம் என்றும் கைக்கூலி என்றும், சாதி வழக்கம் என்றும், வீட்டுப் பணிப்பெண்ணின் கூலி என்றும் பழகிப்போனவற்றுள், நாளைய தலைமுறை பாவம் என்று அழைக்கப்போவது எதனை? தொழுதும் ஜெபித்தும் எழும் ஒவ்வொருவரும் இக்கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொள்வது நன்று. அதற்கு விடை காண நாற்பது ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை.